வைஃபை அணுகுபுள்ளியின் கணக்கு

வீட்டு மின்மானியின் எண்ணை ஒருமுறை மட்டும் நோக்குவதாற் பயனில்லை; சென்ற மாத எண்ணைக் கழித்தாலன்றிச் செலவு புலப்படாது. வைஃபை அணுகுபுள்ளியும் அத்தகையதே. உள்வரும் பைட்டுகளையும் வெளிச்செல்லும் பைட்டுகளையும் அது இடையறாது எண்ணிவருகின்றது. 1988ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிப்படி அவ்வெண்களைத் தொலைவிலிருந்தே கேட்டறியலாம். ஈரெண்களின் வேறுபாட்டை இடைப்பட்ட நொடிகளால் வகுப்பின் வேகம் கிடைக்கும்.

ஈண்டு ஓர் இடர் உண்டு. 32 பிட் எண்ணி 4,294,967,295ஐ எட்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இஃது ஆறு நிமிடத்துக்குள் நிகழும். 1,000 மெகாபிட் வேகத்தில் 35 நொடியும் செல்லாது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை நோக்குவோன் எண்ணி பலமுறை சுற்றியதை அறியான். பெருவெள்ளத்தைச் சிற்றோடையென மயங்குவான். ஆதலின் 64 பிட் எண்ணியையே நாம் நாடுதல் வேண்டும்.

பைட்டுக் கணக்கு மட்டும் போதாது. மறுபரப்பல்களின் தொகையையும் காண்டல் வேண்டும். பைட்டுகள் குறைந்து மறுபரப்பல் மிகுந்திருப்பின், குற்றம் பெரும்பாலும் வானலை நெருக்கடியிலோ தொலைவிலோ உளது. அந்நிலையிற் கூடிய வேகத்துக்குப் பணங்கட்டுதல் வீண். அலைவரிசையையோ கருவியின் இடத்தையோ மாற்றுதலே தக்கது. மாணவர் மிகுதியாய்ப் பயன்படுத்தினர் எனக் கடியுமுன் கணக்கை நோக்குவோமாக.