வாடகை ரூ.5 ஆயிரம், தவணை ரூ.12 ஆயிரம்! பெரம்பூர் டெய்லரின் "சின்ன வீடு"
சென்னை, பெரம்பூரில் ஒரு டெய்லர் "சின்ன வீடு" வைத்திருக்கிறார். சிரிக்காதீர்கள்! இது நிஜமாகவே செங்கல் வைத்துக் கட்டிய வீடு. வாங்கும்போது பெண்டாட்டியும் கூடவே போய்க் கையெழுத்துப் போட்டார்.

திருவள்ளூர் தாண்டி உள்ளே போகவேண்டும். ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன். விலை 12 லட்சம். "வாடகைக்கு விடுங்க, தவணை தன்னால கழியும்" என்பது புரோக்கர் சொன்ன கணக்கு.

பேங்க் கைவிரித்தது

கையில் 2 லட்சம் இருந்தது. மீதி 10 லட்சத்துக்குப் பேங்க் படி ஏறினார். மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் சரி. பிளான் அப்ரூவல்? அதுதான் இல்லை! ஃபைலை மூடிவிட்டார்கள்.

10 லட்சமோ, 1 கோடியோ, வக்கீல் பார்வை, என்ஜினீயர் மதிப்பீடு என்று பேங்க்காரர்களுக்கு அலைச்சல் ஒன்றுதான். சின்னக் கடன்காரருக்கு அங்கே நாற்காலி கிடைப்பது அபூர்வம்.

ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் ராஜ மரியாதை. டீ கூட வந்தது. வட்டி 14 சதவீதம்!

20 வருடத் தவணைக்கு 9 சதவீத வட்டி என்றால் மாதம் ரூ.8,997. 14 சதவீதத்துக்கு ரூ.12,435. அதில் முதல் மாதம் வட்டிக்கே ரூ.11,667 போய்விடும். அசலில் கழிவது வெறும் ரூ.768!

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த ரூ.1,08,000-க்காக வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

குடி வந்தவர் கொடுத்த வாடகை ரூ.5 ஆயிரம். பாக்கி ரூ.7,435-ஐ டெய்லர் ராத்திரி தையல் மிதித்துக் கட்டினார். போன தீபாவளி முடிந்ததும் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். இரண்டு மாதம் வீட்டில் பூட்டு!

90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். அப்புறம் 2002-ம் வருடச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வராவிட்டால் வீடு கம்பெனி கைக்குப் போகும்.

"வித்துடலாமே?" என்று கேட்டோம்.

"அப்ரூவல் இல்லாத வீட்டை யார் சார் வாங்குவா? வாங்குறவனுக்கும் பேங்க்ல அதே பதில்தானே!" என்றார் டெய்லர்.

வளையலைப் பற்றிக் கேட்க வாயெடுத்தோம். கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது 4 ஆயிரத்துக்கு ஒருவர் கேட்டிருக்கிறாராம். நாளைக் காலை சாவியோடு திருவள்ளூர் வண்டி ஏறுகிறார் டெய்லர்.