மோட்டார் காருக்கு மாற்று ஒலிபெருக்கி: தேர்ந்தெடுக்கும் முறை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகள் இன்றும் அங்கு நிற்கின்றன. பலத்த காற்று வீசுங்கால் அவற்றின் மாவு போன்ற துகள்கள் ஆண்டர்சன்பேட்டை முதலிய குடியிருப்புகள்மீது படிகின்றன. இத்தகைய தூசி நிறைந்த இடங்களில், காரின் கதவிலுள்ள ஒலிபெருக்கி, அதாவது ஸ்பீக்கர், விரைவில் பழுதுபடக்கூடும். அப்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணின் பெருமையைக் கண்டு புதியதை வாங்குவோர் பலர். ஆனால் அவ்வெண் தக்க அளவுகோல் அன்று.

ஒலிபெருக்கியின் அமைப்பு

இன்று வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்கப் பொறியியலாளர்களான ரைஸ், கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்டனர். காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள் தொங்குகிறது. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைந்து, தன்னுடன் ஒட்டியுள்ள கூம்பையும் அசைக்கிறது. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் தூசி புகுந்தால் சுருள் உராய்ந்து கரகரக்கும்.

பழுதை அறிதல்

முதலில் இடப்புற, வலப்புற ஒலிபெருக்கிகளின் கம்பிகளை மாற்றி இணைத்துப் பார்த்தல் வேண்டும். கரகரப்பு அதே ஒலிபெருக்கியில் நீடித்தால் பழுது அதனுடையது. மறுபக்கத்துக்கு மாறினால் பழுது ரேடியோவிலோ அதன் கம்பியிலோ உள்ளது. புதிய ஒலிபெருக்கி வாங்குவது வீண் செலவாகும்.

ஓம் அளவு

கார் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 4 ஓம் உடையவை. கழற்றிய 4 ஓம் ஒலிபெருக்கியின் சுருளை மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 3 முதல் 3.7 ஓம் வரை காட்டும். 4 ஓமுக்கென அமைந்த ரேடியோவில் 2 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் மின்னோட்டம் இரு மடங்காகி, ரேடியோ சூடேறிக் கெட்டுப்போகலாம். இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தாலும் இதே விளைவுதான். 8 ஓம் ஒலிபெருக்கியால் தீங்கில்லை; எனினும் அதற்குக் கிடைக்கும் திறன் பாதியாகும்.

வாட் எண்ணின் உண்மை

என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். சாதாரண ரேடியோ அதிலிருந்து 13 வோல்ட் உச்சமுள்ள அலையைத் தரக்கூடும் எனக் கொள்வோம். 13ஐ 13ஆல் பெருக்கி, 4 ஓமின் இரு மடங்காகிய 8ஆல் வகுத்தால் சுமார் 21 வாட் கிடைக்கும். ரேடியோவின் முகப்பில் 50 வாட் என்றிருந்தாலும் அது தொடர்ந்து தரும் திறன் இவ்வளவே. ஆகவே, 300 வாட் தாங்கும் ஒலிபெருக்கியை வாங்குவதால் மட்டும் ஒலி பெருகிவிடாது.

ஒலியின் உரப்பை அறியப் பார்க்கவேண்டியது டெசிபலில் குறிக்கப்படும் உணர்திறன். 3 டெசிபல் கூடினால் பாதித் திறனே போதும்: 87 டெசிபல் ஒலிபெருக்கி 20 வாட்டில் எழுப்பும் ஒலியை 90 டெசிபல் உடையது 10 வாட்டிலேயே எழுப்பும். சில நிறுவனங்கள் 1 வாட்டுக்கு மாறாக 2.83 வோல்ட்டில் அளக்கின்றன. 4 ஓமில் அது 2 வாட் ஆதலால், அவ்வெண்ணில் 3ஐக் கழித்தே ஒப்பிடவேண்டும்.

பொருத்துதல்

விட்டம், திருகுத் துளைகள், ஆழம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுக. கதவுக் கண்ணாடியை முழுதும் இறக்கி, அது காந்தத்தில் இடிக்கவில்லை என்பதை உறுதி செய்க. 1.5 வோல்ட் பாட்டரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையில் கணநேரம் தொட்டால் கூம்பு வெளிநோக்கி அசையும். ஒன்றை மட்டும் முனை மாற்றி இணைத்தால் இரண்டின் தாழ்ந்த ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். இச்சோதனையை வகுப்பறையிலும் எளிதில் செய்து காட்டலாம்.

கதவின் உட்புறப் பிளாஸ்டிக் திரையைக் கிழிக்காமல் மீண்டும் ஒட்டிவிடுதல் நன்று. நீரையும் தூசியையும் ஓரளவு தடுப்பது அதுவே.