எடை மேடைக்கும் ஒரு டிரைவர் வேண்டும்!

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில் இருக்கிறது தேவதானப்பட்டி. மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். கோடைக்கானல் மலைக்கு ஏறும் காட் ரோடும் பக்கத்தில்தான் பிரிகிறது. மாம்பழப் பருவம் வந்துவிட்டால் இந்த வட்டாரத்துச் சாலைகளில் லாரிகளுக்குக் குறைவே இராது.

அப்படிப்பட்ட ஒரு பருவத்தில், இங்குள்ள ஓர் எடை மேடையின் முன் நாலைந்து லாரிகள் நகராமல் நின்றதை நாம் பார்த்தோம். லாரிகளில் டிரைவர்கள் இருந்தார்கள். டீசலும் இருந்தது. ஆனாலும் நின்றன. காரணம், ஒரு டிரைவர் இல்லை. அவர் லாரி டிரைவர் அல்ல. எடை மேடையின் டிரைவர்!

வேடிக்கையாக இருக்கிறதா? விஷயத்தைக் கேளுங்கள்.

எடை மேடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஆயுள் முடிந்து படுத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினார்கள். மேடையிலிருந்து வரும் கம்பியைச் செருகும் பழைய அட்டையைக் கழற்றிப் புதியதில் மாட்டினார்கள். அட்டை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் திரையில் எடை வரவில்லை. "இந்த அட்டை யாரென்றே எனக்குத் தெரியாது" என்று புதிய கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

"ஏப்பா, பெட்டியிலே எடை பளிச்சுன்னு தெரியுதே! அதைப் பார்த்து எழுதிக் குடுத்தா என்ன?" என்றார் ஒரு தோட்டக்காரர்.

"எழுதிரலாம்யா. கைச் சீட்டை மண்டியிலே வாங்கணுமே!" என்றார் மேடைக்காரர்.

நியாயந்தானே? கையால் எழுதிய எடையில் ஒரு சந்தேகம் வந்தால், ஒரு வருஷத்து உழைப்பு தகராறில் போய் நிற்கும்.

பருப்புக்குள் இருக்கும் ரகசியம்

கம்ப்யூட்டரின் வேலைகளையெல்லாம் அடக்கி ஆளும் மூல நிரலுக்கு 'கெர்னல்' என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். மாங்கொட்டையை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த 'லினக்ஸ்' அப்படிப்பட்ட ஒரு கெர்னல். அதன் மூலத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம். இன்று அது மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் 'டிரைவர்'கள்தான்.

டிரைவர் என்றால் யார்? கெர்னலுக்கும் ஒரு சாதனத்துக்கும் நடுவே நிற்கும் சிறு நிரல். அச்சு யந்திரத்துக்கு ஒரு டிரைவர், விசைப்பலகைக்கு ஒன்று, எடை மேடையின் அட்டைக்கு ஒன்று. அந்தச் சாதனத்தின் குணம் அவருக்கு அத்துபடி.

லாரி அதேதான், சாலைதான் வேறு

சாதனம் மாறவில்லை. முன்பு ஓடிய டிரைவர் இப்போது மட்டும் ஏன் ஓடவில்லை? மலைப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி பழைய லாரிதான். ஆனால் சாலையை வெட்டி அகலப்படுத்திவிட்டார்கள். பாலம் வேறு பக்கம் போய்விட்டது. பழைய வழியை மட்டுமே அறிந்த டிரைவர் என்ன செய்வார்?

கெர்னலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு செயலகம் இருந்தது. பல செயலகங்கள் வந்தபோது, ஒன்றின் வேலையில் இன்னொன்று குறுக்கிடாமல் இருக்க, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டைப் போட்டார்கள். பிறகு அறைக்கு ஒரு பூட்டு என்று மாற்றிக்கொண்டே வந்து, 2011ஆம் ஆண்டில் அந்தப் பெரிய பூட்டை அடியோடு எடுத்துவிட்டார்கள். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பதிப்பில், குறித்த நேரத்தில் டிரைவரைத் தட்டி எழுப்பும் கடிகார முறையே மாறிவிட்டது.

இதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கெர்னல் வீட்டுக்குள் குடியிருக்கும் டிரைவர்களை, விதியை மாற்றுகிறவர்களே திருத்திக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் அட்டையோடு குறுந்தகட்டில் வந்த டிரைவர் வீட்டுக்கு வெளியே நிற்பவர். அவரைக் கவனிக்க நாதி இல்லை. தேவதானப்பட்டியில் லாரிகள் நின்றதன் காரணம் இதுவே.

ஓர் இலக்கம் விழுந்தால்?

உள்ளூர் இளைஞர் ஒருவர் வந்தார். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பயன் பெற்றவர். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'போஸ்' லினக்ஸ் அந்த மடிக்கணினியில் இருந்தது. அதில் விளையாட்டாகக் கற்ற வித்தை இப்போது கை கொடுத்தது. குறுந்தகட்டில் டிரைவரின் மூலமும் இருந்தது நல்ல காலம்.

"மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா எழுதிர வேண்டியதுதானே தம்பி?" என்றார் மேடைக்காரர்.

"அது மட்டும் கூடாதுண்ணே" என்றார் இளைஞர்.

ஏன் கூடாது? எடைப் பெட்டி விநாடிக்கு 9600 துடிப்பு வேகத்தில் பேசினால், விநாடிக்குச் சுமார் 960 எழுத்துக்கள் வரும். 1981ஆம் ஆண்டின் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்த 8250 என்னும் சில்லு, ஓர் எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். அதை டிரைவர் உடனே வாங்காவிட்டால், அடுத்த எழுத்து வந்து முந்தியதை அழித்துவிடும். 12,480 கிலோ 1,480 கிலோவாகிவிடலாம்! பிறகு வந்த 16550 என்னும் சில்லில் 16 எழுத்துக்கள் வரிசையில் காத்திருக்க இடம் வைத்தார்கள். ஆனால் முதலில் வந்த சில்லுகளில் அந்த வரிசையே பழுது. 16550ஏ என்ற பெயரில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். எந்தச் சில்லு என்று பார்த்து, பழுதானதாக இருந்தால் வரிசையைத் தொடாதே என்று டிரைவரில் எழுதி வைத்தார்கள் முன்னோர்.

இப்படிப்பட்ட வரிகள் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அர்த்தமற்றவையாகத் தோன்றும். அழித்தால் தெரியும் சேதி! ஆகவே சாதனத்தோடு பேசும் பகுதியை இளைஞர் தொடவில்லை. கெர்னலோடு பேசும் பகுதியை மட்டும் திருத்தினார். பழைய கடிகார அழைப்பை மாற்றினார். பூட்டுகளைப் புதிய முறையில் அமைத்தார். இரண்டு இரவுகளில் நிரல் பிழையின்றித் தொகுத்து வந்தது.

"முடிஞ்சுதா தம்பி?"

"இனிமேத்தான் இருக்குண்ணே."

மேடையில் எடைக்கற்களை ஏற்றினார்கள். பெட்டியில் வரும் எண்ணையும் திரையில் வரும் எண்ணையும் ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படித்தார்கள். காலி லாரி, பாரம் ஏற்றிய லாரி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஓர் இடத்திலும் ஓர் இலக்கம் விழவில்லை. அதற்குப் பிறகுதான் முதல் சீட்டை அச்சிட்டார்கள்.

வாய் திறந்தால் வாழ்வு

உலக அளவிலும் கதை இதேதான். 2019ஆம் ஆண்டில், பிளாப்பி தட்டின் டிரைவர் 'அநாதை' என்று லினக்ஸ் ஏட்டில் குறிக்கப்பட்டது. அதைக் கவனித்து வந்தவரிடமே சோதித்துப் பார்க்கப் பிளாப்பி யந்திரம் இல்லை! பிறகு வேறொருவர் அதைத் தத்தெடுத்தார். பிளாப்பிக் கம்பியில் ஓடிய நாடா யந்திரங்களின் டிரைவர் 2007ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டில் ஒரு பொறியாளர் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அதைப் புதிய கெர்னலில் ஓட வைத்தார். இதில் கவனிக்க வேண்டியது, நாடா யந்திரம் அவர் கையில் இருந்தது. கருவி எத்தனை வரிகளை எழுதிக் கொடுத்தாலும், சரியா தவறா என்று சாட்சி சொல்வது சாதனந்தான்.

பழையதையெல்லாம் கட்டிக் காக்க முடியாது என்பதும் உண்மை. பழைய ஐ.டி.இ. வட்டு டிரைவர்கள் 2021ஆம் ஆண்டில் விடை பெற்றன. அவற்றின் வேலையைப் புதிய தொகுதி ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றை நீக்குமுன், "இதை யாராவது உபயோகிக்கிறீர்களா?" என்று கெர்னல் பராமரிப்பாளர்கள் கேட்பது வழக்கம். பதில் வராவிட்டால் நீக்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேவதானப்பட்டியில் ஓர் அட்டை உழைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சிற்றூர்களில்தான் பழைய யந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் குணம் அறிந்த கைகளும் இங்கேதான் இருக்கின்றன. மூலத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டார்கள். அவர்கள் திருத்துவதோடு நில்லாமல், "எங்களிடம் இது இருக்கிறது, சோதித்தும் பார்த்தோம்" என்று எழுதிப் போடவும் வேண்டும். நம் இளைஞர் இப்போது அந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தோட்டக்காரர் சீட்டை வாங்கி இருமுறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லாரி கிளம்பியது. இரண்டு டிரைவர்களும் தத்தம் வேலையைப் பார்த்தார்கள்.