பனிமலைகள் உரசினால் பூமி அதிரும்!

பழைய மரக்கதவைத் திறக்கும்போது 'கிரீச்' என்று சத்தம் வருவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கதவின் கீல் ஒரே சீராக நழுவுவதில்லை. சற்றுப் பிடித்துக்கொள்கிறது, சட்டென்று விடுபடுகிறது, மறுபடியும் பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இப்படி நடப்பதால் நம் காதில் அது தொடர்ந்த ஒலியாக விழுகிறது. கடலில் மிதக்கும் பனிமலைகளும் இதே முறையில்தான் ஒலி எழுப்புகின்றன.

2000 மார்ச் மாதம் அண்டார்டிகாவின் ராஸ் பனியடுக்கிலிருந்து ஒரு பெரும் பனிமலை பிரிந்தது. 'பி-15' என்று பெயரிடப்பட்ட அதன் நீளம் சுமார் 295 கி.மீ.; பரப்பளவு சுமார் 11,000 சதுர கி.மீ. அதே ஆண்டில், பல ஆயிரம் கி.மீ. தொலைவில் பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளில் உள்ள கருவிகள் தெற்கிலிருந்து வந்த விநோதமான அதிர்வுகளைப் பதிவு செய்தன. எரிமலை குமுறும்போது பதிவாகும் அதிர்வுகளை அவை ஒத்திருந்தன.

உண்மையை அறிய, சிகாகோ பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெக்அயல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பனிமலைகளின் மேலேயே நிலநடுக்கமானிகளைப் பொருத்தினர். பி-15 உடைந்து உருவான பெரிய துண்டு, 'சி-16' என்ற மற்றொரு பனிமலையோடு உரசிக்கொண்டிருந்தது. அந்த நீண்ட அதிர்வு உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகளின் தொகுப்பு என்பது அப்போது தெரிந்தது. பனிமலைகள் நகரும் திசை மாறும் வேளையில் அதிர்வு சற்று அடங்கி, பிறகு மீண்டும் தொடங்கியது.

இந்த ஒலிகளில் பெரும்பகுதி நம் செவிக்கு எட்டாது. நொடிக்கு சுமார் 20 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலியை மனிதக் காது உணர்வதில்லை. பதிவை வேகப்படுத்தி ஓடவிட்டால்தான் நாம் கேட்க முடியும்.

பனிமலைகள் ஒன்றோடொன்று உரசும்போது மட்டுமல்ல, கடலடித் தரையில் உராயும்போதும், வெப்பமான நீரை அடைந்து வெடித்துப் பிளக்கும்போதும் ஒலி எழுகிறது. 2007-இல் 'ஏ-53ஏ' பனிமலை தரைதட்டியபோது ஒரு மணி நேரத்தில் எழுந்த ஒலியின் ஆற்றல், 200-க்கும் மேற்பட்ட ராட்சத எண்ணெய்க் கப்பல்களின் இரைச்சலுக்குச் சமம் என்று கணக்கிட்டனர்.

இதனால் நமக்கென்ன என்று தோன்றலாம். ரகசிய அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க உலகப் பெருங்கடல்களில் ஒலி உணர் கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. பனிமலையின் ஓசையும் அவற்றில் வந்து சேர்கிறது. எது குண்டு, எது நிலநடுக்கம், எது பனி என்று பிரித்தறியத் தெரியாவிட்டால், இயற்கையின் முனகலை மனிதனின் சதியாகவோ, மனிதனின் சதியை இயற்கையின் முனகலாகவோ நாம் தவறாக எண்ணிவிடக்கூடும்.