கொழுந்தில் வாழும் இளஞ்சிவப்பு நுண்ணுயிர்

கேமரன் மலையில், கோலா தெர்லாவைச் சுற்றியுள்ள சரிவுகளில், தேயிலைக் கொழுந்து விரியும்போதெல்லாம் கொஞ்சம் மெத்தனால் காற்றில் கலக்கிறது. செல்சுவர் வளரும்போது பெக்டினிலிருந்து மெத்தில் தொகுதிகள் கழன்று மெத்தனாலாகி, இலைத்துளை வழியே வெளியேறுகின்றன. முற்றிய இலையைவிட இளம் இலையில் இது அதிகம்.

மனிதரின் பார்வையைப் பறிக்கும் அந்த நஞ்சுதான் மெத்திலோபாக்டீரியத்துக்குச் சாப்பாடு. உலகில் ஏறக்குறைய எல்லாச் செடிகளின் இலைமேலும் வாழும் நுண்ணுயிர் இது. மெத்தனாலை மட்டுமே உணவாகக் கலந்த அகார் தட்டில் ஓர் இலையை அழுத்தி எடுத்தால், சில நாளில் இலையின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் எழும்.

உண்பதற்கான கருவி மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி. செல்லின் உட்சவ்வுக்கு வெளியே நின்று, மெத்தனாலிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பிரித்து சைட்டோகுரோமிடம் கொடுக்கிறது. அதில் ஆற்றல் பிறக்கிறது, மெத்தனால் பார்மால்டிஹைடாகிறது. எலெக்ட்ரானை முதலில் வாங்குவது பிக்யூக்யூ என்ற துணைநொதி. அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் உலோக அயனி வேண்டும்.

அந்த உலோகம் கால்சியம் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லின. லாந்தனம், சீரியம் போன்ற அரியமண் தனிமங்களுக்கு உயிரில் வேலையே இல்லை என்றும் நம்பப்பட்டது. 2011இல் லாந்தனத்தால் தூண்டப்படும் இன்னொரு மெத்தனால் நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் மெத்திலோபாக்டீரியத்திலேயே கண்டார்கள். இத்தாலியின் எரிமலைச் சேற்றில் கிடைத்த வேறொரு நுண்ணுயிர், ஆய்வகத்தில் அந்தச் சேற்று நீரைச் சேர்த்தால்தான் வளர்ந்தது. நீரில் இருந்த அரியமண் தனிமங்களே காரணம் என்று 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். உயிர்வேதியியலில் அண்மைக்காலத்தின் மிக அழகிய கண்டுபிடிப்பு இதுவே என்பேன்.

கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தில், குவாந்தான் அருகே கெபெங்கில் உள்ள லினாஸ் ஆலை, ஆஸ்திரேலியத் தாதுவிலிருந்து லாந்தனத்தையும் சீரியத்தையும் பிரிக்கப் பெரும் அமிலத் தொட்டிகளையும் உலைகளையும் நம்பியிருக்கிறது. இலைமேல் வாழும் உயிரோ தூசியிலும் மண்ணிலும் உள்ள துளியளவை வைத்தே காரியம் முடிக்கிறது. அது எப்படி என்று கற்றுக்கொண்டால் உலோகப் பிரிப்பே தூய்மையாகலாம். அந்த ஆய்வு இப்போது நடக்கிறது.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த நுண்ணுயிரைத் திரவமாகத் தயாரித்து, பயிர் வறட்சியைத் தாங்க இலைவழித் தெளிக்கச் சொல்கிறது. உழவர்கள் பிபிஎஃப்எம் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். வாங்குவோர் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். பூச்சிமருந்தோடு மட்டும் கலக்காதீர்கள், உள்ளிருப்பது உயிர்.