இழைக்குச் சட்டை போடும் மின்சாரம்! தெரியுமா?

கார்பன் ஃபைபர் இழை ஒன்றின் குறுக்களவு வெறும் 5 முதல் 7 மைக்ரோமீட்டர்தான், தெரியுமா? தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! ‘12கே’ என்று விற்கும் கட்டில் இப்படி 12,000 இழைகள். அத்தனைக்கும் ஒன்றுவிடாமல் பாலிமர் பூச வேண்டுமென்றால்? தூரிகை நுழையாது. முக்கியெடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் நுழையும்! கார்பன் இழைதான் மின்கடத்தி ஆயிற்றே.

பைரோல் கரைசலில் இழையை நேர்மின்முனையாக வைத்து, ஒரு வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் கொடுத்தால் போதும். பைரோல் மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழந்து, சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, இழையின் மேலேயே படலமாகப் படிகின்றன. ஒரு மூலக்கூறு சேர ஆகும் செலவு சுமார் 2.25 எலக்ட்ரான்! சங்கிலியில் கோக்க இரண்டு. மிச்சக் கால் பங்கு, படலத்தையே மின்கடத்தியாக்க. ஆகவே ஓடிய மின்னூட்டத்தை எண்ணினாலே பூச்சின் கனத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது? கருப்பு இழைமேல் கருப்புப் பூச்சு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இழையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, படக்கென்று ஒடிக்கிறார்கள். அந்தக் குளிரில் பாலிமர் இழுபடாமல் சுத்தமாக முறியும். முறிந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் நடுவே கார்பன் வட்டம், சுற்றிலும் பூச்சு வளையம்!

பைரோலைவிட அதிசயம் ஃபீனால். அதன் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. படியப் படிய மின்னோட்டம் அடங்கி, சில பத்து நானோமீட்டர் கனத்திலேயே வளர்ச்சி தானாக நின்றுவிடும். எங்காவது பொத்தல் விட்டுப்போயிருந்தால், மின்சாரம் தேடிப் போவதும் அந்த இடத்தைத்தான். அங்கேயே பாலிமர் படிந்து பொத்தலை அடைத்துவிடும்! அடைபடாத பொத்தல் ஏதும் இருக்கிறதா என்று, சில மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்தி மின்மறுப்பை அளந்து சோதிக்கிறார்கள்.

மூளைக்குள் டோபமைன் சுரப்பதை நொடிக்குப் பத்து முறை அளப்பதும் ஒற்றைக் கார்பன் இழைதான். அதில் நஃபியான் என்ற பொருள் கலந்த பாலிமரைப் படியவைத்தால், எதிர்மின்னூட்டமுள்ள வைட்டமின் சி தள்ளி நிற்கும். நேர்மின்னூட்டமுள்ள டோபமைன் உள்ளே வரும்.

ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் பல்கலைக்கழகத்தில் இழை ஒவ்வொன்றின் மேலும் அரை மைக்ரோமீட்டர் அளவில் பாலிமரை மின்சாரத்தாலேயே படியவைத்து, 2013-இல் வெளியிட்டார்கள். அந்தப் பூச்சு லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. பாரம் தாங்கும் இழையே பேட்டரியின் மின்முனையும் ஆகிவிட்டது!