பெயர் வெட்டிய பாத்திரங்கள்

கலியாணச் சீராக வரும் பாத்திரங்களில், கொடுத்தவரின் பெயரையேனும் பெற்றுக்கொண்ட பெண்ணின் பெயரையேனும் சிறு உளியால் புள்ளி புள்ளியாக வெட்டி வைப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் சம்பிரதாயம். விசேஷ நாட்களில் அண்டை அயலாரிடம் அண்டாவும் தவலையும் இரவல் வாங்கிப் பந்தி நடத்திய காலத்தில், விருந்து முடிந்தபின் எது யாருடையது என்ற தகராறு எழாதிருக்க இந்தப் பெயர் உதவிற்று. அதைக் காட்டிலும் முக்கியமாக, நிலமும் வீடும் ஆண்மக்களுக்கே என்றிருந்த குடும்பங்களில், பெண்ணொருத்தி தன்னுடையதென்று உரிமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய சொற்ப ஆஸ்திக்கு அது சாசனமாகவும் இருந்தது. பழைய வீட்டுச் சாமான்களைச் சேகரிப்பதில் பிரியம் கொண்டவர்கள் இந்நாளில் பெருகிவருகிறார்கள். அவர்களில் பலர், வாங்கிவந்த பாத்திரத்தை முதற்காரியமாகப் பாலிஷ் பட்டறைக்கு அனுப்பி, சக்கரத்தில் கொடுத்துப் பளபளக்கச் செய்து, அந்தப் பெயரை அடியோடு தேய்த்து அழித்துவிடுவதைக் காணும்போது எனக்கு உண்டாகும் வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இச்சாமான்கள் வீட்டை விட்டு வெளியேறியது ஏன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பித்தளையிலோ செம்பிலோ புளி சேர்ந்த பண்டத்தைச் சமைத்தால் களிம்பு ஏறிவிடும். ஆகையால் உட்புறத்தில் வெள்ளீயம் பூசியாக வேண்டும். ஈயம் பூசுகிறவர் தெருவோரத்தில் குழி தோண்டி, துருத்தியால் ஊதிக் கரியைக் கனல்வித்து, பாத்திரத்தை அதன்மேல் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் ஒருமுறை துடைத்து, வெள்ளீயத்தைத் தொட்டு இழுப்பார்; 232 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே உருகிவிடும் அந்த உலோகம் நொடிப்பொழுதில் உட்புறம் முழுவதும் வெள்ளை வெளேரென்று படர்வதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூட்டம் கூடுவார்கள். அந்தப் பூச்சு தேயத் தேய மறுபடியும் கூலி, மறுபடியும் காத்திருப்பு. அன்றாடம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் உழைப்பு வேறு. குரோமியம் கலந்த எஃகாகிய எவர்சில்வர், களிம்பேறாமலும் கனக்காமலும் வந்து சேர்ந்தபோது, அடுப்படியில் உழைத்த பெண்கள் அதை ஆவலோடு வரவேற்றதில் முழு நியாயம் இருந்தது. பித்தளை எடைக்குப் போயிற்று. எடைக்குப் போனதில் பெரும்பகுதி உருக்கும் உலைக்குப் போயிற்று. அப்படிப் போகாமல் தப்பியவற்றைத்தான் நாம் இன்று கடைகளில் காண்கிறோம்.

அத்தகைய கடைகளுக்குப் பேர்போன இடம் காரைக்குடியில் உள்ள முனீஸ்வரன் கோயில் தெரு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவியும் வர்த்தகமும் நடத்திய நகரத்தார் செல்வந்தர்கள், பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து தூண் நிறுத்தி, அரண்மனைகளை ஒத்த வீடுகளைச் செட்டிநாட்டு ஊர்களில் எழுப்பினார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் ஒரே வகைப் பாத்திரத்தை டஜன் கணக்கில் அடுக்கினார்கள். எஃகுத் தகட்டின்மீது கண்ணாடிப் பொடியைப் பூசிச் சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைத்த எனாமல் அடுக்குகள் சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. பர்மாவிலிருந்து அரக்குச் சம்புடங்கள் வந்தன. சுவர்களில் ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் ஏறின. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதோடு அந்த ஐசுவரியத்தின் வேர் ஆட்டங் கண்டது. பிறகு வீடுகள் பங்காளிகளுக்குள் பல பங்குகளாகப் பிரிந்தன. பிழைப்பை நாடி வெளியூர்களில் குடியேறியவர்களுக்கு இரட்டைக்கட்டு வீட்டின் சாமான் அறை ஒரு பாரமாயிற்று. தூணும் கதவும்கூட விலைக்கு வந்த பின்பு பாத்திரங்கள் எம்மாத்திரம்?

அத்தெருவில் நான் சென்ற ஒரு கடையில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்த தூக்குகளுக்கு நடுவிலிருந்து கடைக்காரர் ஒரு வெண்கலப் பானையை எடுத்து என் முன் வைத்து, “ஆச்சி வீட்டுச் சீர்ச் சாமான் ஐயா, பேர் வெட்டியிருக்கு பாருங்க, வேண்டாம்னா சொல்லுங்க, பாலிஷ் போட்டு எடுத்துத் தந்துடறேன்” என்றார். வேண்டும் என்று சொல்லி வாங்கிவந்த அந்தப் பானை இப்பொழுது என் மேஜைமேல் இருக்கிறது. விரலால் சுண்டினால் வெண்கலத்துக்கே உரிய கணீரென்ற நாதம் நெடுநேரம் நிற்கிறது. அதன் கழுத்தில் குடும்ப விலாசமாக மூன்று தலையெழுத்துக்கள். அவற்றை அடுத்து ‘மீனாட்சி’ என்று ஒரு பெயர். அதன் கீழே, வேறொருவர் கையால், புள்ளிகள் இன்னும் நெருக்கமாக விழுந்து, இன்னொரு பெண்ணின் பெயர். தாயிடமிருந்து மகளுக்குப் போயிருக்கலாம். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்திருக்கலாம். மேலே உள்ள பெயரில் ‘னா’ என்னும் எழுத்து, காலைத் தனியே இடாமல், எழுத்தோடு சேர்த்துச் சுழித்த பழைய வடிவில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாற்றிய வடிவங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே அந்தப் பெயர் அதற்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பழகிய கை சர்க்கார் உத்தரவைக் கேட்டவுடன் மாறிவிடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விளிம்பின் உட்புறம் ஒரு பக்கத்தில் மட்டும் வழித்தெடுத்தாற்போல் மெலிந்திருக்கிறது; ஒரே கைப்பழக்கமாக ஆண்டுக்கணக்கில் கரண்டி உராய்ந்த தடம் அது. அடியில் ஓர் ஓட்டையை மூடிய ஒட்டு இருக்கிறது. ஆகவே அழகுக்காக அடுக்கி வைத்த பானை அன்று இது, அடுப்பில் ஏறி உழைத்த பானை.

சாமான் உண்மையில் பழையதா, பழமை பூசிய புதியதா என்று தெரிந்துகொள்வதற்கும் இந்தத் தேய்மானமே துணை செய்கிறது. அமிலத்தில் நனைத்தும் மண்ணில் புதைத்தும் பழையதாக்கிய பாத்திரம் எங்கும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். மனிதர் புழங்கிய பாத்திரம் கைபட்ட இடத்தில் வழவழத்தும், கைபடாத மூலையில் கறுத்தும், அடியில் நசுங்கியும் இருக்கும்.

படிகளைச் சேகரிப்பது தனி ரசனை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று படிப்படியாக ஏறும் இந்த வாய்பாடு, களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தது. தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பதிலேயே கொடுப்பவர் குணம் வெளிப்பட்டுவிடும். சர்க்கார் சோதனை முத்திரைகள் பதிந்த படிகளும் கிடைக்கின்றன. அம்முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதில் மாலைப்பொழுது போவதே தெரியாது. 1956-இல் எடை அளவுச் சட்டம் பிறந்து மெட்ரிக் முறை நாடெங்கும் பரவியபின் இவை வியாபாரத்தில் செல்லாக்காசாயின. ஆயினும் எத்தனையோ வீடுகளில் அரிசிப் பானைக்குள் ஓர் உழக்கு இன்னும் கிடக்கிறது.

அரிக்கன் விளக்கு, பெட்ரோமாக்ஸ், வால்வு ரேடியோ, கூஜா, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, பல்லாங்குழி என்று இத்துறைக்கு எல்லையே இல்லை. ஆயினும் எல்லாவற்றையும் அள்ளிக் குவிப்பதைவிட, ஒன்றிரண்டு இனங்களைத் தெரிந்தெடுத்து அவற்றைப் பற்றி ஆழ அறிவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். சிலைகளின் பக்கம் மட்டும் போகவே கூடாது. கோயிலிலிருந்து களவு போனவை எத்தனையோ கைமாறிச் சந்தைக்கு வருகின்றன. அன்றியும், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அவற்றைத் தனிமனிதர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றமாகும்.

சாமானிய வீட்டுப் பொருள்களை ஒரு மனிதர் எவ்வளவு மதிக்கக்கூடும் என்பதற்குப் புனா நகரத்துத் தினகர் கேல்கரைச் சொல்ல வேண்டும். 1896-இல் பிறந்து 1990-இல் மறைந்த அவர், மராத்தியில் கவிதை எழுதியவர். ஊர் ஊராகத் திரிந்து விளக்கு, பாக்குவெட்டி, பாத்திரம், கதவு என்று 20,000-க்கும் மேற்பட்ட பொருள்களைத் திரட்டி, அகாலத்தில் இறந்துபோன தம் மகன் ராஜாவின் பெயரால் ஒரு காட்சிசாலையாக்கி, அதை மகாராஷ்டிர அரசாங்கத்திடமே ஒப்புவித்தார். அங்கே ஒரு பாக்குவெட்டிக்குக் கிடைக்கும் கௌரவத்தைக் கண்டவர்கள், தம் வீட்டுப் பரணில் கிடப்பதை அதே கண்ணால் பார்க்க மாட்டார்கள். நம் பக்கத்தில், 1996-இல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, பழைய வீடுகளையே பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தி, சாமான்களை அவை புழங்கிய இடத்தோடு சேர்த்துக் காட்டுகிறது.

இதில் புதிதாக இறங்க விரும்புகிறவர் கடைத்தெருவுக்குப் போகுமுன் தம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்கட்டும். இறக்கிய சாமானை வீட்டிலுள்ள மூத்த பெண்மணியின் முன் வைத்து, இது யாருடைய சீர், எந்த ஊரிலிருந்து வந்தது, இதில் என்ன சமைத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளட்டும். அழுக்கை நீக்கப் புளியும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பெயர் வெட்டிய இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம். மறுபடியும் சமைக்க நினைத்தால் ஈயம் பூசாமல் பித்தளையை அடுப்பேற்றலாகாது. கேட்டெழுதிய விவரத்தை ஓர் அட்டையில் மையால் எழுதி, பசைபோட்டு ஒட்டாமல், பருத்தி நூலால் பாத்திரத்தின் கழுத்தில் கட்டிவிட வேண்டும். அதன் பிரதி ஒன்று, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் இருக்கட்டும்.